வலிக்கு

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் முப்பிடாதி. சார்ஜர் பெட்டி இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

கையைத் திருப்பிப் பார்த்தான். பிளக்கின் பித்தளைக் கால்கள் மூன்றும் அவன் கையில்தான் இருந்தன. சுவரில் அவற்றுக்கான ஓட்டைகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் ஷெட்டுக்குள்ளே, காரின் முன்பக்கம் பலகை மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பச்சைத் தகரப் பெட்டி, காய்ச்சல்காரன் தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஏறியும் இறங்கியும் முனகியது. சூடு அடங்குகிறவரை அப்படித்தான் இருக்கும், அடுப்பை அணைத்த பிறகும் உலை கொஞ்ச நேரம் தளதளக்காதா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதில் அவன் இப்போதெல்லாம் நன்றாகத் தேறியிருந்தான்.

விளக்கு வைக்கிற நேரம். ஆடி மாத மழை மட்டாஞ்சேரியை நாள் கணக்காக ஊறப்போட்டிருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் வடிகிற சத்தமும், காயலோரம் கட்டிப்போட்ட வள்ளம் ஒன்று கல்லில் முட்டிக்கொள்கிற சத்தமும், வீட்டுக்குள் மனைவி பேச்சி கப்பைக்கிழங்குக்குத் தாளிக்கிற சத்தமும் ஒன்றோடொன்று கலந்து வந்தன. கடல் ஏற்றம் வந்தால் ஓடை வழியாகக் காயல் தண்ணீர் ஷெட்டுக்குள் கணுக்கால் அளவு ஏறிவிடும், இன்றும் ஏறியிருந்தது. முன்பு சுக்குக் கிடங்காக இருந்த இடம் அது. சுவரில் ஊறிப்போன சுக்கு நெடி, பேட்டரி ஆசிட்டின் நெடி, சார்ஜ் ஏறும்போது கிளம்புகிற அழுகல் முட்டை வாடை, இதெல்லாம் அவனுக்குப் பழகியதுதான். இன்று அவற்றுக்கு நடுவே மெலிசாக யூகலிப்டஸ் தைலம் மணத்தது. அந்த வாசனை மட்டும் இங்கே வரக்கூடாது.

நாளைக் காலையில் இந்தக் காரைத் தோப்பும்படிவரை ஓட்டிக்கொண்டுபோய் விலாசினியின் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். அது அவளுக்குக் கொடுத்த வாக்கு. அதற்காகத்தான் வேண்டாவெறுப்பாக, நாற்றத்தையும் முனகலையும் சகித்துக்கொண்டு, இந்தச் சவத்துக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான்.

வேண்டாவெறுப்பு என்று இப்போது சொல்கிறான். ஆசைப்பட்டது யார்? இவன்தான். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து அரும்பு மீசைகூட முளைக்காத வயதில் வந்து, மிளகும் சுக்கும் ஏற்றிய கைவண்டிகளை பஜார் ரோட்டில் இழுத்து இழுத்துத் தோள் காய்த்தவன். இப்போது அவனுக்கே சொந்தமாக மூன்று கைவண்டி இருந்தது. ஆளும் இழுக்காமல் மாடும் இழுக்காமல் தானே ஓடுகிற வண்டி ஒன்று வேண்டும் என்று அவனுக்குள் ஒரு பித்து இருந்தது. பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய வருஷம் அந்தப் பித்துக்குத் தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் துணை கிடைத்தது. ராசப்பன் என்கிற மெக்கானிக், எஞ்சின் செத்துப்போன ஒரு பழைய ஹெரால்ட் காரையும், துறைமுகத்தில் கழித்துப்போட்ட டிராலி பேட்டரிகளையும் காட்டி, இரண்டையும் சேர்த்தால் கரண்டில் ஓடும் கார் ஆகிவிடும், ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றான். சொன்னபடியே செய்தும் காட்டினான்.

கடைசியில் மிச்சமிருந்தது வீட்டு வேலைதான். மீட்டரிலிருந்து ஷெட்டுக்குத் தடிமனான ஒயர் இழுத்தார்கள். பிளக்கை ஷெட்டின் வாசல் சுவரில், தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்தார்கள். எர்த்துக்குக் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்ட வேண்டும் என்றதும் முப்பிடாதி உப்பு வாங்கக் கிளம்பினான். ராசப்பன் சிரித்தான். முழங்கை ஆழத்திலேயே ஊற்றெடுத்த உப்புத் தண்ணீரை நாக்கில் தொட்டுக் காட்டி, "இவிட உப்பு வாங்கண்டா அண்ணாச்சி, மண்ணே உப்பல்லே" என்றான்.

குழி தயாராகிவிட்டது. எர்த் கம்பியைப் பெட்டியில் இன்னும் முடுக்கவில்லை. ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடுக்கிக்கொள்ளலாம் என்று ராசப்பன்தான் அவசரப்பட்டான். அன்றைக்கும் தரையில் தண்ணீர் இருந்தது. பேச்சி தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். ராசப்பன் காரின் வலது கதவுக் கைப்பிடியில் கையை வைத்தான்.

அப்புறம் அந்தக் கையை அவனால் எடுக்க முடியவில்லை.

அவன் உடம்பு விறைத்துக் காரோடு ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்தபடி ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னான்.

"வலிக்கு! அண்ணாச்சி, வலிக்கு!"

ஒயர் முப்பிடாதியின் காலடியில், காய்ந்த வாசற்படி மேல் கிடந்தது. குனிந்து ஒரு இழு இழுத்திருந்தால் பிளக் கழன்று வந்திருக்கும். அவன் இழுக்கவில்லை. வீட்டுக்குள் ஓடினான்.

ஊருக்கு அவன் சொன்ன கதை வேறு. தமிழில் 'வலிக்கு' என்றால் நோகிறது என்று அர்த்தம். மலையாளத்தில் 'வலிக்கு' என்றால் இழு. ராசப்பன் 'இழு, இழு' என்று மலையாளத்தில் கதறியிருக்கிறான். இந்தத் தமிழனோ தோள் நோகிறது போல என்று நினைத்து, தடவிவிடத் தைலம் எடுக்க உள்ளே போயிருக்கிறான். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது அவன் கையில் தைலக்குப்பி இருந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாண்டித் தமிழனுக்கு மலையாளம் புரியாததால் ஒரு உயிர் போய்விட்டதே என்று போலீஸ்காரரே உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது முப்பிடாதிக்கு. கைவண்டியின் முன்கயிற்றில் முதன்முதலாகத் தோளைக் கொடுத்த அன்று, பின்னாலிருந்து சுமட்டுக்காரர்கள் போட்ட சத்தம்தான் அவன் கற்றுக்கொண்ட முதல் மலையாளச் சொல். வலிக்கு! பாலத்து ஏற்றத்தில் வலிக்கு, படகுத்துறையில் வலிக்கு, மழையில் சேற்றில் வலிக்கு. ஊரில் வேறு எந்தச் சொல் புரியாவிட்டாலும் அது அவனுக்குப் புரியும். தூக்கத்தில் சொன்னால்கூட அவன் தோள் தானாக முன்னே போகும். அன்றைக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் ஓடினான். தொட்டால் தானும் ஒட்டிக்கொள்வோம் என்கிற பயத்தில், ஒயரைத்தான் இழுக்கச் சொல்கிறான் என்று தெரிந்தும், அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். சத்தம் நிற்கிறவரை நின்றான். குப்பியை எப்போது எடுத்தான் என்பது அவனுக்கே தெரியாது. ராசப்பன் இன்னும் கத்திக்கொண்டிருந்தபோதே தன் கை பொய்க்கு ஆயத்தமாகிவிட்டதா?

அவனோடு கயிற்றின் மறுபக்கம் தோள் கொடுத்து இழுத்தவன் பிச்சை. சாவு வீட்டில் முப்பிடாதி இந்தக் கதையைச் சொன்னபோது பிச்சையும் நின்று கேட்டான். கேட்டு முடித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வண்டி இழுக்க அவன் வரவே இல்லை.

ராசப்பன் செத்த அன்று சாயங்காலமே முப்பிடாதி அந்தக் குப்பியைக் காயலில் எறிந்துவிட்டான். முழுக் குப்பி. மூடி இறுக்கமாக இருந்ததால் மூழ்காமல் சற்று நேரம் மிதந்தது. அது மூழ்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பேச்சியிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விட விலாசினி வந்த நாள்தான் கொடுமை. ராசப்பனின் மனைவி. குடையை மடக்கி வைத்துவிட்டு, ஷெட்டின் வாசற்படியில், அந்த ஒயர் கிடந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் பேரைச் சொன்னார், உன் பேரைச் சொன்னார் என்றால் அவளுக்கு ஆறுதலாகவாவது இருந்திருக்கும். அவன் வாயில் அந்தச் சொல்தான் வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாச்சிக்கு அறியில்லல்லோ. வேதனயெந்நு விசாரிச்சு. மருந்து எடுக்கான் ஓடியில்லே, அது மதி."

உங்களுக்குத் தெரியாதே, நோகிறது என்றுதானே நினைத்தீர்கள், மருந்தெடுக்க ஓடினீர்களே, அது போதும் என்றாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் நன்றி சொன்னாள். முப்பிடாதிக்கு உடம்பெல்லாம் கூசியது. தலைகுனிந்து தரையைப் பார்த்தான். அவர் செய்த வண்டி எங்கள் வீட்டு வாசலில் ஒரு தடவை வந்து நிற்க வேண்டும், பிள்ளைகள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவள் கேட்டபோது, அந்தக் குனிந்த தலையைத்தான் ஆட்டினான்.

பஜாரிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டிவந்து எர்த்தை முடுக்கினான். எல்லாம் சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த ஆள் விரலால் பெட்டியைத் தட்டிக் காட்டினான். சார்ஜ் ஏறத் தொடங்கியது. முதல் நாள் வெறும் முனகல்தான். மறுநாள் அந்த முனகலுக்கு ஒரு தாளம் வந்தது. பேட்டரிகளுக்குள் ஆசிட் கொப்புளித்து உடைகிற சத்தம் அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டு அசை நீண்டு, மூன்றாவது சட்டென்று அறுந்துபோகும். முப்பிடாதி காதை மூடிக்கொள்வான். கையை எடுத்தால் அது அங்கேயேதான் இருக்கும்.

தனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்திருந்தான். போன கோடையில் கல்யாணமாகி வந்த பேச்சிக்கு மலையாளத்தில் சாயா, சேட்டன் தவிர ஒரு சொல்லும் தெரியாது. ராசப்பன் கரண்ட் அடித்துச் செத்தான் என்பதற்கு மேல் அவளிடம் அவன் எதுவும் சொன்னதில்லை. சோறு போட்டுக்கொண்டே அவள் சிரித்தாள்.

"ஒங்க காருக்கு எங்கயோ வலிக்காம் அத்தான். ராவும் பகலும் வலிக்கு, வலிக்குன்னு அனத்துது. பாவம், என்னன்னுதான் கேளுங்களேன்."

அவனுக்குப் புரையேறியது. பேச்சி முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

இன்றைக்கு விடிந்ததிலிருந்து அவன் மனதுக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. நாளைக்கு அந்த வாசலில் காரை நிறுத்தியதும் விலாசினியிடம் சொல்லிவிடுவது. எனக்கு அர்த்தம் தெரியும் என்று ஒரே வரி. பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தான், வண்டிக்குக் கிரீஸ் போடும்போது சொல்லிப் பார்த்தான். நண்பகலுக்குள் தீர்மானம் தளர்ந்துவிட்டது. சொன்னால் பஜாருக்குத் தெரியும். பேச்சிக்குத் தெரியும். ராத்திரி பக்கத்தில் படுக்கிறவள் தன்னை எப்படிப் பார்ப்பாள்? நாளைக்கு வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கப் போனான்.

பிடுங்கியும் அது நிற்கவில்லை.

பிளக்கை வாசற்படியின் காய்ந்த மூலையில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். இந்த மழையில் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. தலைக்கு மேல் இருந்த பல்பு சிவந்து, இழை மட்டும் தெரிகிற அளவுக்கு மங்கி, அணைந்தது. தெரு முழுவதும் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ பாதிப் பேச்சில் நின்றது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது.

பெட்டி முனகியது.

தெருவிலேயே கரண்ட் இல்லை. பிளக் வாசற்படியில் கிடக்கிறது. பேட்டரியிலிருந்து பெட்டிக்குத் திரும்பி ஓடுகிறதோ? அப்படி ஓடுமோ? ராசப்பன் இருந்தால் கேட்கலாம் என்று மனம் தானாக நினைத்துவிட்டுத் திடுக்கிட்டது. பின்சீட்டில் வரிசையாக இருந்த பேட்டரிகளில் மாட்டிய கிளிப்பைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும். இத்தனை நாளும் இடது பக்கக் கதவு வழியாகத்தான் அதைச் செய்தான். வலது கைப்பிடியை ராசப்பனுக்குப் பிறகு யாரும் தொடவில்லை.

இடது கதவை இழுத்தான். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி அது கொஞ்சம் வந்து திரும்பப் போனது.

ஈரத்தில் ஊதியிருக்கும்.

தகரக் கதவு ஊதுமா?

காரைச் சுற்றிக்கொண்டு வந்தான். தண்ணீரை மெதுவாக அளைந்து நடந்தான். அவன் நின்ற பிறகும் தண்ணீரில் ஒரு அடி வைக்கிற சத்தம் கேட்டது. தைல வாசனை இப்போது கண்ணை எரித்தது. கதவுக் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்திருந்தது. மூடிய காருக்குள் யார் மூச்சு விட்டது? கைப்பிடி அவன் இடுப்பு உயரத்தில் வெளிறித் தெரிந்தது.

முனகல் நின்றது.

மழையும்கூட நின்ற மாதிரி இருந்தது. அந்த அமைதியில் ஒரு குரல். தகரத்தின் குரல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, களைத்துப்போய், இன்னும் பொறுமையாக இருக்கிற குரல்.

"அண்ணாச்சி. வலிக்கு."

ஓடலாம். வாசற்படி பின்னால்தான் இருக்கிறது. அடுக்களை இருக்கிறது. அங்கே போய் அரிசிப் பானையோரம் நின்றால் இந்தக் குரலும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். போன தடவை நிற்கவில்லையா? அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல வெட்கம் பொங்கியது. இத்தனை நாள் யாரிடமும் வராத சொல் இருட்டில் வந்தது.

"எனக்குத் தெரியும் சேட்டா. அர்த்தம் தெரியும். அன்னைக்கே தெரியும்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். இழுத்துவிடுவதற்காகத்தான் நீட்டினான். விரல்கள் கைப்பிடியைத் தொட்டன.

அவன் கை மேல் இன்னொரு கை மூடியது.

குளிர்ந்த கை இல்லை. உள்ளங்கை சுட்டது. இறுக்கியது. முழங்கைக்குள் ஆயிரம் எறும்பு ஏறியது. தோள் விறைத்தது. தாடை பூட்டிக்கொண்டது. கை வரவில்லை. கால் வரவில்லை. மூச்சு பாதியில் நின்றது.

வீட்டுக் கதவு திறந்தது. அரிக்கேன் விளக்கோடு பேச்சி வாசற்படிக்கு வந்தாள். விளக்கைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

"இருட்டுல அங்க நின்னு என்ன பண்ணுதீங்க?"

அவளுடைய காலடியில் பிளக் கிடந்தது. அதை யாரும் மாட்டவில்லை. இழுத்துவிட அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அவள் வந்து தோளைப் பிடித்து இழுக்கலாம். வேட்டியைப் பிடித்து இழுக்கலாம். இழு என்று சொல்ல வேண்டும். இழு பேச்சி. இரண்டே எழுத்து. பிறந்ததிலிருந்து தெரிந்த சொல். நெஞ்சுக்குள் அதைப் பிடித்துத் தள்ளினான். பூட்டிய பல்லுக்கு நடுவே வேறொன்று வெளியே வந்தது. கயிற்றில் தோள் வைத்த நாளிலிருந்து உடம்பில் ஊறிய சொல்.

"வலிக்கு."

பேச்சியின் முகம் மாறியது.

"வலிக்கா? எங்க வலிக்கு அத்தான்?"

"வலிக்கு! வலிக்கு!"

"ஐயோ, தோள்லயா? அசையாதீங்க. அப்படியே நில்லுங்க. தைலம் எடுத்துட்டு வாரேன்."

விளக்கு திரும்பியது. திரும்புகிற வெளிச்சம் வியர்த்த கண்ணாடி வழியாகக் காருக்குள் ஒரு கணம் போய் வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், டாஷ்போர்டின் மேல், காயல் பாசி படிந்த அந்தக் குப்பி நின்றது. அதன் மூடி திறந்திருந்தது. அதற்கப்பால் ஒரு முகம், அவனுக்காக வெகுநேரம் காத்திருந்த முகம், அவன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

இருட்டு. பேச்சியின் காலடிகள் அடுக்களைக்கு ஓடின. அலமாரி திறக்கிற சத்தம். டப்பாக்களை நகர்த்துகிற சத்தம். அரிசிப் பானையின் மூடி கீழே விழுந்து உருளுகிற சத்தம்.

அவன் கை மேல் இருந்த கை இன்னும் கொஞ்சம் இறுகியது.

"வலிக்கு" என்றான் முப்பிடாதி.

"இந்தா வந்துட்டேன்" என்று அடுக்களையிலிருந்து பேச்சி குரல் கொடுத்தாள். "குப்பியக் காணோமே. எங்க அத்தான் வச்சீங்க?"